இரட்டைக் கொயில் சப் வூஃபருக்கு எந்த அம்ப் பொருந்தும்?

கேள்வி: என்னிடம் 12 அங்குல சப் வூஃபர் ஒன்று இருக்கிறது. இரண்டு வொய்ஸ் கொயில் (ஸ்பீக்கர் கோனை அசைக்கும் கம்பிச்சுருள்), ஒவ்வொன்றும் 4 ஓம் (மின்தடை), மொத்தம் 300 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தாங்கும் பவர்). வாங்கப்போகிற அம்ப்பிலும் (அம்ப்ளிஃபையர்) 4 ஓம் என்று போட்டிருந்தால் சரிதானே?

சரியில்லை. இதே நினைப்பில்தான் நானும் ஒரு அம்ப்பைக் கருக்கினேன்.

எனக்கு வீடு மட்டக்களப்பு கல்லடியில். பழைய டொல்பின் வான் ஒன்று வைத்து ஹயர் ஓடுகிறேன். கல்யாண வீட்டு ஹயர் என்றால் பின்சீட்டுப் பொடியன்கள் ஏறும்போதே கேட்பது ஏசியை அல்ல, "அண்ணே, செற் எப்படி?" என்றுதான். அதற்காகவே உங்களுடையதைப் போன்ற ஒரு சப்பைக் கைமாறிய விலைக்கு வாங்கினேன். அம்ப் ஏற்கெனவே இருந்தது, இரண்டு சனல். அதன் அடியில் இருந்த ஸ்டிக்கரில் மூன்று வரி: 4 ஓமில் 75 வாட்ஸ் இரண்டு, 2 ஓமில் 120 வாட்ஸ் இரண்டு, பிரிட்ஜ் பண்ணினால் (இரண்டு சனலையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுத்தால்) 4 ஓமில் 240 வாட்ஸ். சப்பிலும் 4, அம்ப்பிலும் 4. ஜாதகம் பார்த்தால்கூட இவ்வளவு பொருத்தம் வராது என்று நினைத்தேன்.

கல்முனைப் பக்கம் ஒரு கடையில் பூட்டக் கொடுத்தேன். பாஸ் வாயில் ஸ்க்ரூவைக் கடித்தபடி, "இது நாலு ஓமா?" என்றார். "ஓம்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்ததோடு சரி, இரண்டு கொயில்களையும் எப்படிச் சேர்க்கப்போகிறார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். 4 ஓம் கொயில் இரண்டு உள்ள சப்பில், இரண்டையும் பாவித்தால் 4 ஓம் வரவே வராது. பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால் (பக்க இணைப்பு) 2 ஓம். முதல் கொயிலின் மைனஸை இரண்டாவதன் பிளஸில் கொடுத்து, மிஞ்சுகிற இரண்டு முனைகளை அம்ப்புக்குக் கொண்டுபோனால் (தொடர் இணைப்பு) 8 ஓம். இரண்டே வழிதான், நடுவில் ஒன்றும் இல்லை.

பாஸ் பக்க இணைப்பில் போட்டு, அம்ப்பைப் பிரிட்ஜ் பண்ணிவிட்டார். பிரிட்ஜ் என்றால் இரண்டு சனலும் ஆளுக்குப் பாதியாகச் சுமையைத் தூக்கும். ஆகவே 2 ஓம் சப் என்பது ஒவ்வொரு சனலுக்கும் 1 ஓமாகத்தான் தெரியும். ஸ்டிக்கரில் ஒரு சனலுக்கு இருந்த மிகக் குறைந்த எண் 2 ஓம், அதற்குக் கீழே போனால் அம்ப் சூடேறிவிடும். வீடு திரும்பும் வழியில் மருதமுனை தாண்டும்வரை சத்தம் அபாரம், கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. களுவாஞ்சிக்குடியில் அம்ப்பின் சிவப்பு லைற் எரிந்து சத்தம் நின்றது. ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் திரும்பவும் பாடியது. ஆறியதும் வேலை செய்கிறதே, ஒன்றும் ஆகவில்லை என்று ஓட்டிக்கொண்டு வந்தேன். ஆரையம்பதியில் வயர் கருகும் மணம். அப்புறம் அந்த லைற்கூட எரியவில்லை.

டவுணில் ஒரு ரிப்பெயர் கடையில் அவுட்புட் டிரான்சிஸ்டர்களை மாற்றித் தந்தார்கள். அதற்குப் பிறகும் புத்தி வரவில்லை. ஒரே ஒரு கொயிலை மட்டும் பிரிட்ஜில் கொடுத்தேன். கணக்குப்படி 4 ஓம், அம்ப் குளிர்ச்சியாக இருந்தது. ஆனால் பேஸ் சோர்ந்துவிட்டது. தவிலின் ஒரு பக்கத் தோல் தளர்ந்துபோன மாதிரி. சப்பின் மோட்டாரில் பாதிதான் இழுக்கிறது, சூட்டைத் தாங்குவதும் பாதிதான். 300 வாட்ஸ் சப் அந்த நிலையில் கிட்டத்தட்ட 150 வாட்ஸ் சப், அதற்குள் நான் 240 வாட்ஸைத் தள்ளிக்கொண்டிருந்தேன். நல்லவேளை, ரிப்பெயர் கடைக்காரரே பார்த்துவிட்டுத் திட்டினார்.

அவர் செய்து தந்தது தொடர் இணைப்பு, 8 ஓம், பிரிட்ஜில். "பவர் குறையுமே?" என்று முனகினேன். குறையும்தான். ஒவ்வொரு சனலுக்கும் 4 ஓம் தெரிவதால் 75ம் 75ம், மொத்தம் 150 வாட்ஸ். இங்கே ஒரு வேடிக்கை: ஒவ்வொரு கொயிலையும் தனித்தனிச் சனலுக்குக் கொடுத்தாலும் அதே 150தான். அப்படிச் செய்தால் இரண்டு சனலுக்கும் ஒரே மோனோ சத்தம் போகிறதா, கெயின் (உள்ளே வரும் ஒலியை அம்ப் பெருக்கும் அளவு) சமமா என்ற தலையிடி வேறு. இரண்டு சனல் அம்ப் கையில் இருந்தால் தொடரும் பிரிட்ஜும்தான் நிம்மதி. எனக்கு அது இரண்டு வருடம் ஓடியது. மூடிய வானுக்குள் 150 வாட்ஸ் ஒன்றும் கேவலமில்லை.

நீங்கள் இனித்தான் அம்ப் வாங்கப்போகிறீர்கள் என்பதால் உங்களுக்கு வழி சுலபம். சப்பை 2 ஓமில் போடுவது என்று முதலில் முடிவெடுங்கள். பிறகு கிளாஸ் டி (சூடு குறைந்த வகை) மோனோ அம்ப், அதாவது ஒரே சனல் உள்ள அம்ப் ஒன்றைப் பாருங்கள். 2 ஓமில் ஆர்.எம்.எஸ். எத்தனை என்ற ஒரு வரி மட்டும் உங்களுக்கு முக்கியம். அது 300க்குப் பக்கத்தில் இருந்தால் போதும். சில அம்ப்பில் 1 ஓமில் வரும் வாட்ஸைத்தான் பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள், அது உங்கள் சப்புக்குக் கிடைக்காது. மறுபக்கம், பிரிட்ஜில் 4 ஓம் தாங்கும் அம்ப் வைத்திருந்து சப் தேடுபவர் என்றால், 2 ஓம் கொயில் இரண்டு உள்ள சப்பைக் கேட்க வேண்டும். அதைத் தொடரில் போட்டால் சரியாக 4 ஓம். நான் வாங்கியிருக்க வேண்டியது அதைத்தான்.

பெட்டியில் 1500, 2000 என்று போட்டிருக்கிற 'மெக்ஸ்' வாட்ஸை விட்டுவிடுங்கள். கடையிலேயே அம்ப்பைத் திருப்பி அதிலுள்ள பியூஸைப் பாருங்கள். 25 அம்பியர் பியூஸ் என்றால், என்ஜின் ஓடும்போது இருக்கும் 13.8 வோல்ட்டால் பெருக்குங்கள்: 345 வாட்ஸ். உள்ளே போவதே அவ்வளவு. அதிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். பிறகு எப்படி 1500 வெளியே வரும்?

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மல்டிமீட்டரால் கொயிலை அளந்து பாருங்கள். 4 ஓம் என்ற கொயில் 3.5 அளவில் காட்டும். பயப்பட வேண்டாம், மீட்டர் டீசி தடையைத்தான் காட்டும், அது எப்போதும் சற்றுக் குறைவு. முதலில் மீட்டரின் இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து, அது காட்டும் 0.2, 0.3ஐக் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு கொயிலும் ஏறக்குறைய ஒரே எண் காட்ட வேண்டும். பழைய சப் என்றால் பிளஸ், மைனஸ் அடையாளம் அழிந்திருக்கும். என்னுடையதில் ஒரு பக்கச் சிவப்புப் புள்ளி போயே போய்விட்டது. ஒரு டோர்ச் பற்றரியை, 1.5 வோல்ட், கொயிலின் இரண்டு முனைகளிலும் ஒரு கணம் தொட்டால் கோன் 'டப்' என்று அசையும். வெளியே தள்ளினால் பற்றரியின் பிளஸ் தொட்டதுதான் கொயிலின் பிளஸ், உள்ளே இழுத்தால் மாறி. இரண்டு கொயிலையும் இப்படிப் பாருங்கள். ஒன்று தலைகீழாகச் சேர்ந்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும், கோன் அசையாது, ஆனால் மீட்டர் அதே ஓமைத்தான் காட்டும். அதை நம்பி ஏமாறக்கூடாது.

கெயினை வொலியூம் என்று நினைத்துத் திருப்புகிறவர்கள்தான் அதிகம். சப் வயரைக் கழற்றிவிட்டு, பேஸ் பூஸ்டை அணைத்து, 50 ஹேர்ட்ஸ் ஒலியொன்றைப் போட்டு, செற்றின் வொலியூமை முக்கால்வாசிக்கு வையுங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் அம்ப்பின் அவுட்புட்டில் பிடியுங்கள். வாட்ஸையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேண்டிய வோல்ட் வரும்: 300ஐ 2ஆல் பெருக்க 600, அதன் வர்க்கமூலம் 24.5. கெயினை மெதுவாகக் கூட்டி அந்த எண்ணில் நிறுத்திவிட்டு, பிறகு தொடாதீர்கள். லோ பாஸை (அதற்கு மேற்பட்ட ஒலியை வெட்டும் திருகு) 80 ஹேர்ட்ஸில் விடுங்கள், பிறகு காது சொல்கிறபடி.

வயர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 300 வாட்ஸ் மோனோ அம்ப் முழு வேகத்தில் 30 அம்பியர் அளவில் இழுக்கும். வானில் பற்றரியிலிருந்து பின்னால் வரை தூரம் அதிகம், நான் 4 கேஜ் (வயரின் தடிப்பு) போட்டேன். மலிவாகக் கிடைக்கிற வயர் பலதும் செம்பு பூசிய அலுமினியம். ஒரு இழையைப் பிளேட்டால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். எங்கள் பக்கம் கடற்காற்றுக்கு அது ஒரு மழைக்காலம் தாங்கினாலே பெரிய விஷயம். ஈயம் பூசிய முழுச் செம்பு கிடைத்தால் அதை வாங்குங்கள், முனைகளில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். பியூஸ் பற்றரிக்குப் பக்கத்தில், ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். அது வயரைக் காப்பாற்றத்தான், அம்ப்பை அல்ல.

வேலையைத் தொடங்குமுன் பற்றரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள். நான் இரண்டாவது அம்ப் பூட்டிய நாளில் சோம்பலில் கழற்றவில்லை. 10ஆம் நம்பர் ஸ்பனர் பற்றரியின் பிளஸிலும் வானின் இரும்புப் பொடியிலும் (உடலிலும்) ஒரே நேரத்தில் பட்டது. நுனி உருகிய அந்த ஸ்பனர் இன்னும் டூல் பெட்டியில் கிடக்கிறது, 10ஆம் நம்பர் நட் எதையும் இப்போது அது பிடிக்காது.