கூடைப்பந்து கேள்வி – பதில்: பாயிண்ட் கார்டுக்கு எழுதும் பாராட்டு

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி வீராங்கனைகளைப் பாராட்டி எழுதும்போது அதிகப் புள்ளி எடுத்தவர்தான் முன்னால் நிற்கிறார். பாயிண்ட் கார்டாக ஆடியவரைப் பற்றி எதை எழுதுவது?

பதில்: முதலில் அசிஸ்ட் (சக வீராங்கனை கூடையில் போட வழிவகுத்த பாஸ்), டர்ன்ஓவர் (எதிரணியிடம் பந்தை இழப்பது), ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது). புள்ளிகள் அதற்குப் பிறகு வரட்டும். பந்தை முன்னால் கொண்டுவந்து, யார் எங்கே நிற்க வேண்டும் என்று கைகாட்டி, சரியான கைக்குச் சரியான நொடியில் பந்தைச் சேர்ப்பது அவர் வேலை. அசிஸ்ட்டை டர்ன்ஓவரால் வகுத்துப் பாருங்கள். ஒரு பருவத்தில் 180 அசிஸ்ட், 75 டர்ன்ஓவர் என்றால் விகிதம் 2.4. இரண்டைத் தாண்டினாலே நல்ல ஆட்டம்தான்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பந்தை வாங்கியவர் கூடையில் போட்டால்தான் அசிஸ்ட் கணக்கில் ஏறும். அவர் தவறவிட்டால், எவ்வளவு அழகான பாஸாக இருந்தாலும் ஸ்கோர் ஷீட்டில் அது இல்லை. அதனால் அந்தப் பருவத்தில் அணியின் ஷூட்டிங் சதவீதத்தையும் பக்கத்திலேயே குறிப்பிடுங்கள்.

கோப்பையை மட்டும் பார்த்தும் எழுதிவிடாதீர்கள். பாயிண்ட் கார்டான டான் ஸ்டேலி 1988 முதல் 1992 வரை வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். உயரம் 5 அடி 6 அங்குலம். 1990, 1991, 1992 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தேசியக் கல்லூரிப் போட்டியின் அரையிறுதிக்கு அணியைக் கொண்டுபோனார். 1991 இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் டென்னசியிடம் 67–70 என்று தோற்றார்கள். ஆனாலும் தொடரின் மிகச் சிறந்த வீராங்கனை என்ற விருது தோற்ற அணியின் ஸ்டேலிக்குத்தான் போனது. கல்லூரிச் சாம்பியன் பட்டம் ஒன்றுகூட வெல்லாத அவருடைய 24-ஆம் ஜெர்சி எண்ணுக்கு வர்ஜீனியா ஓய்வு கொடுத்தது. எனக்குப் பிடித்த கௌரவம் இது.

கேள்வி: பழைய கல்லூரி ஆட்டக்காரர் நான்சி லீபர்மன் பெயர் என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) சாதனைப் பட்டியலில் ஏன் இல்லை?

பதில்: அவர் ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகத்துக்கு ஆடியது 1976–80-இல். என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கான கூடைப்பந்துப் போட்டியைத் தொடங்கியதே 1982-இல்தான். அதற்கு முன் பெண்கள் கல்லூரி விளையாட்டை நடத்தியது ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற தனி அமைப்பு. 1979, 1980 பட்டங்களை லீபர்மனின் அணி வென்றது அங்கேதான். ஒரே பட்டியலை நம்பி எழுதினால் ஒரு தலைமுறையே விடுபட்டுப்போகும். பழைய ஆட்டக்காரர்களுக்கு அந்தந்தக் கல்லூரியின் ஆண்டுக் கையேட்டைத் தேடுங்கள்.

வேறு காலத்தவரோடு புள்ளிகளை ஒப்பிடவும் வேண்டாம். பெண்கள் கல்லூரி ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடு வந்தது 1987–88 பருவத்தில். தூரத்திலிருந்து லீபர்மன் போட்டதெல்லாம் இரண்டு புள்ளிதான்.

கேள்வி: எண்ணுக்கு ஓய்வு கொடுப்பதும் ஜெர்சியை மாட்டிவைப்பதும் ஒன்றா?

பதில்: இல்லை. ஓய்வு கொடுத்தால் அந்த எண்ணை இனி யாருக்கும் தரமாட்டார்கள். பெயரும் ஜெர்சியும் மட்டும் அரங்கில் தொங்கினால், எண் புழக்கத்திலேயே இருக்கலாம். அழைப்பிதழில் இரண்டையும் மாற்றி அச்சிட்டுவிடுகிறார்கள். கல்லூரி எடுத்த முடிவு எது என்று எழுத்தில் வாங்கிய பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.