ரோமில் கன்னியர் மடத்தில் தங்கலாமா?

கேள்வி: ரோமில் கன்னியர் மடங்களில் அறை கிடைக்கும், ஹோட்டலைவிட மலிவு என்கிறார்கள். நாங்கள் இந்துக்கள். எங்களுக்கும் கொடுப்பார்களா?
– வாசகி, திருச்சி

பெரும்பாலான மடங்கள் மதம் கேட்பதில்லை. காலைப் பூசைக்கு வரச்சொல்லி யாரும் கதவைத் தட்டவும் மாட்டார்கள். பெண்களுக்கு மட்டும் என்று சில இல்லங்கள் உண்டு, அதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மலிவு என்பதுதான் பாதி உண்மை. சுவீடன் நாட்டுப் புனித பிரிஜித்தா 1373-ல் இறந்த வீடு பியாஸ்ஸா ஃபர்னேசே என்ற சதுக்கத்தில் இருக்கிறது. கன்னியர் அங்கே விருந்தினர் இல்லம் நடத்துகிறார்கள். அப்படி நகர நடுவில் உள்ள இடங்களில் ஹோட்டல் வாடகையை எதிர்பார்த்தே போங்கள். விலை இறங்க இறங்கத் தூரம் கூடும். 'வத்திக்கானுக்கு அருகில்' என்று போட்டிருக்கும் இல்லம் ஆவ்ரேலியா சாலையில் மூன்று கிலோமீட்டர் தள்ளி, மேட்டின்மேல் இருக்கலாம். வரைபடத்தில், வத்திக்கானுக்குப் பக்கத்தில் உள்ள ஒத்தவியானோ, சிப்ரோ மெட்ரோ நிலையங்களிலிருந்து எவ்வளவு நடை என்று பாருங்கள். வாடகை போக, ஆளுக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று நகராட்சி வரியும் தனியாக உண்டு. 10 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அது கிடையாது.

கேள்வி: முன்பதிவு எப்படிச் செய்வது? விசாவுக்கு அந்தக் கடிதம் செல்லுமா?
– வாசகர், நாகர்கோவில்

பல மடங்களில் மின்னஞ்சல்தான் வழி. ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி, கீழே அதையே இத்தாலியனிலும் போட்டால் பதில் சீக்கிரம் வரும். எத்தனை பேர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, மொத்தம் எத்தனை இரவு, வந்து சேரும் நேரம் – இவ்வளவு போதும். அறை வகையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'தோப்பியா' என்றால் இரண்டு தனிக்கட்டில். 'மத்ரிமோனியாலே' என்றால்தான் இருவர் சேர்ந்து படுக்கும் ஒரே பெரிய கட்டில். மடங்களில் தனிக்கட்டில்தான் அதிகம். 'கோன் பாஞ்ஞோ' (குளியலறையோடு) என்று கேட்டு எழுதாவிட்டால், குளியலறை தாழ்வாரத்தின் கோடியில் பொதுவாக இருக்கக்கூடும்.

இத்தாலி போக எடுக்கும் ஷெங்கன் விசாவுக்கு மடத்தின் கடிதம் செல்லும். ஆனால் "உங்கள் அறை பதிவாகிவிட்டது" என்ற ஒற்றை வரி மின்னஞ்சல் போதாது. மடத்தின் பெயர், முகவரி அச்சிட்ட தாளில், எல்லோருடைய பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, தேதிகளோடு, முத்திரையுடன் கேட்டு வாங்குங்கள். முன்பணத்தை வங்கி வழியாக அனுப்பச் சொன்னால், இரு பக்கக் கட்டணத்தையும் நீங்களே ஏற்பதாக வங்கிப் படிவத்தில் குறியுங்கள். இல்லாவிட்டால் நடுவில் உள்ள வங்கி பிடித்துக்கொண்டு, அங்கே பத்துப் பதினைந்து யூரோ குறைவாகப் போய்ச் சேரும், பதிவும் தொங்கலில் நிற்கும். விசா கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்புமா என்பதை அனுப்பும் முன்பே கேளுங்கள்.

கேள்வி: எங்கள் விமானம் இரவு ஒன்பதரைக்கு இறங்குகிறது. மடத்தின் கதவு 11 மணிக்கு அடைப்பார்களாம்.
– வாசகர், கோவை

முதல் இரவை வேறெங்காவது வைத்துக்கொள்ளுங்கள். குடிவரவு வரிசை, பெட்டி எல்லாம் முடியவே ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும். ஃபியூமிசினோ விமான நிலையத்திலிருந்து நகரின் தெர்மினி ரயில் நிலையத்துக்கு லியோனார்தோ விரைவு ரயில் 32 நிமிடம், அதற்கப்புறம் டாக்ஸி. கணக்குப் போட்டால் கதவு சாத்திய பிறகுதான் போய் நிற்பீர்கள். மணி அடித்தால் திறக்க, ஓட்டல் மாதிரி இரவு முழுக்க ஒருவர் உட்கார்ந்திருக்கமாட்டார். மறுநாளிலிருந்தும் இதே கவனம் வேண்டும். ரோமில் பல உணவகங்கள் ஏழரைக்குத்தான் இரவுச் சாப்பாட்டைத் தொடங்கும். சில மடங்களில் தெருக்கதவுச் சாவியோ எண்ணோ கொடுப்பார்கள். போன அன்றே கேளுங்கள்.

கேள்வி: சைவம். சின்ன ரைஸ் குக்கர் எடுத்துப்போகலாமா?
– வாசகி, மதுரை

வேண்டாம். அறையில் சமைக்க விடமாட்டார்கள், பழைய கட்டிட மின்இணைப்பும் தாங்காது, வாசமும் தாழ்வாரம் முழுக்கப் போகும். காலையில் ரொட்டி, வெண்ணெய், ஜாம், காபி கிடைக்கும். பருப்புப்பொடியும் ஊறுகாயும் போதும். நம்மூர் மூன்று முனை பிளக் அங்கே நுழையாது, அதற்கு அடாப்டர் கட்டாயம். நைட்டி, கைலியோடு சாப்பாட்டு அறைக்குப் போகாதீர்கள்.

குளியலறை பற்றியும் சொல்லிவிடுகிறேன். கழிப்பறையில் கைத்தெளிப்பான் தேடாதீர்கள், பக்கத்தில் தாழ்வாக இருக்கும் பிதே தொட்டிதான் அதற்கு. ஷவருக்குப் பக்கத்தில் சுவரோரமாக மெல்லிய கயிறு ஒன்று தொங்கும். விளக்குக் கயிறு என்று நினைத்து இழுத்தாலும், ஈரத்துணியை மாட்டினாலும் கீழே அலாரம் அடிக்கும். விழுந்தவர்கள் உதவிக்கு இழுக்க வேண்டிய கயிறு அது. துணி காயப்போட நைலான் கொடி ஒன்றைக் கொண்டுபோங்கள்.