வித்துட்டு வாங்குறதா, வாங்கிட்டு விக்கிறதா?

இந்தத் தடவை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல தாம்பரத்துக்கு அந்தப் பக்கத்துலேருந்துதான். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் 2023 டிசம்பர் கடைசியில திறந்ததுலேருந்து ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மண்ணிவாக்கம்னு அந்த லைன் முழுக்க வீட்டுப் பேச்சாவே இருக்கு, விக்கிறவங்களுக்கும் அவசரம், வாங்குறவங்களுக்கும் அவசரம். அதனால இந்த இதழ் முழுக்க வீடுதான்.

கேள்வி: சார், ஊரப்பாக்கத்துல 2011ல வாங்கின டபுள் பெட்ரூம் ஃப்ளாட் இருக்கு. லோன் இன்னும் 6 லட்சம் பாக்கி. பசங்க வளர்ந்துட்டாங்க, மாமியாரும் கூட வந்துட்டாங்க, இடம் பத்தல. கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு தனி வீடு பிடிச்சிருக்கு, ஓனர் உடனே 5 லட்சம் அட்வான்ஸ் கேக்குறார். முதல்ல ஃப்ளாட்டை விக்கிறதா, அட்வான்ஸ் குடுத்துட்டு அப்புறம் விக்கிறதா?
(ஊரப்பாக்கம் வாசகி)

வித்துட்டு வாங்குங்கம்மா. இந்த 5 லட்சத்தைக் குடுத்தீங்கன்னா மூணு மாசத்துல கிரயம் முடிக்கணும்னு அக்ரிமென்ட் போடுவாங்க, அன்னிலேருந்து உங்க ஃப்ளாட்டைப் பார்க்க வர்றவர் எல்லாருக்கும் உங்க அவசரம் தெரிஞ்சுபோகும், புரோக்கரே சொல்லிடுவார். ரெண்டாவது மாசம் முடியறப்போ ரெண்டு மூணு லட்சம் குறைச்சுக் கேக்குறவர் வருவார், அட்வான்ஸ் போயிடுமேங்குற பயத்துல நீங்களும் சரின்னு சொல்லிடுவீங்க. நடுவுல ஆறு மாசம் வாடகைக்கு இருந்து ரெண்டு தடவை சாமான் ஏத்தி இறக்குற செலவு அதைவிடக் கம்மிதான். மாமியாரை வச்சுக்கிட்டு ரெண்டு தடவை வீடு மாறுறது கஷ்டம், புரியுது, ஆனாலும் இதைத்தான் சொல்வேன்.

வரியிலயும் இதுக்கு இடம் குடுத்திருக்காங்க. ஃப்ளாட்டை வித்த லாபத்தை வித்த தேதியிலேருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள இன்னொரு வீடு வாங்குறதுல போட்டா அந்த லாபத்துக்கு வரி இல்லை (விக்கிறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி வாங்கியிருந்தாலும் இது உண்டு). ரிட்டர்ன் போட வேண்டிய கெடு வர்றதுக்குள்ள வீடு அமையலைன்னா பேங்க்ல கேபிடல் கெயின்ஸ் அக்கவுன்ட்னே ஒண்ணு இருக்கு, அதுல போட்டு வச்சிடுங்க, சும்மா சேவிங்ஸ்ல வச்சா கணக்குல வராது.

இன்னிக்கே செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு. உங்க ஃப்ளாட்டுக்கு ஈ.சி. (வில்லங்கச் சான்றிதழ்) போட்டுப் பாருங்க, பதிவுத்துறை வெப்சைட்லயே காசில்லாம பார்க்கலாம். லோன் வாங்கினப்போ பேங்க் பேர்ல பத்திர ஒப்படைப்பு ஆவணம்னு ஒண்ணு சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிஞ்சிருப்பாங்க, அது அதுல தெரியும். லோனை அடைச்சா மட்டும் அது போகாது, பேங்க்கோட சேர்ந்து ரசீது ஆவணம் பதியணும். நிறைய பேர் லோன் முடிஞ்சு பத்திரம் கைக்கு வந்ததும் வேலை முடிஞ்சுதுன்னு விட்டுடறாங்க, அப்புறம் பத்து வருஷம் கழிச்சு விக்கப் போறப்போ வாங்குறவரோட பேங்க் வக்கீல் ஈ.சி.ய பார்த்துட்டு இன்னும் அடமானம் நிக்குதேன்னு ஃபைலைத் திருப்பி அனுப்பிடுவார். 6 லட்சத்தைப் புரட்ட முடிஞ்சா இப்பவே அடைச்சிடுங்க. அடைச்ச 30 நாளுக்குள்ள ஒரிஜினல் பத்திரத்தைத் தரணும், பேங்க் பக்கத்துத் தப்பால லேட் ஆனா நாளுக்கு 5,000 ரூபா உங்களுக்குத் தரணும்னு ரிசர்வ் வங்கி சொல்லி 2023 டிசம்பர்லேருந்து நடைமுறையில இருக்கு.

விலை பேசுறப்போ உங்ககிட்ட வாங்குறவர் கையில எவ்வளவு இருக்குன்னு கேளுங்க, இதை யாருமே கேக்குறதில்லை. 55 லட்சத்துக்குப் பேசினீங்கன்னு வைங்க, பேங்க் அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 44 லட்சம்தான் தரும். பாக்கி 11 லட்சம், அதுக்கு மேல ஸ்டாம்ப் டியூட்டி 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், அதுவே கிட்டத்தட்ட 5 லட்சம், இதுக்கு லோன் கிடையாது. ஆக 16 லட்சம் சொந்தப் பணம் இல்லாதவர் எவ்வளவு நல்ல மனுஷனா இருந்தாலும் கடைசி வாரத்துல நேரம் கேப்பார். 50 லட்சமோ அதுக்கு மேலயோன்னா அவர் 1 சதவீதம் வருமான வரியை (டி.டி.எஸ்.) பிடிச்சுட்டுதான் தருவார், அது உங்க பான் கணக்குல ஏறியிருக்கான்னு பார்த்துக்கோங்க.

கூடுவாஞ்சேரி வீடு கை விட்டுப் போயிடுமேன்னு மனசு கேக்காது. போனா போகட்டும்மா, அந்த லைன்ல தனி வீடு விலைக்கு வந்துக்கிட்டேதான் இருக்கு.

கேள்வி: 72 லட்சத்துக்கு ஒரு வீடு பேசி முடிச்சோம். கைடுலைன் மதிப்பு (அரசாங்கம் குறிச்சிருக்குற விலை) 48 லட்சம்தான், அதுக்கே பதிஞ்சுக்கலாம், மீதி 24 லட்சத்தை ரொக்கமா குடுத்துடுங்க, உங்களுக்கும் ரிஜிஸ்ட்ரேஷன் செலவு மிச்சம்னு ஓனர் சொல்றார். எல்லாரும் இப்படித்தான் பண்றாங்கன்னு புரோக்கரும் சொல்றார். சரியா சார்?
(மாடம்பாக்கம் வாசகர்)

சரியில்லை, உங்களுக்கு நஷ்டமும்கூட. கணக்கைப் பாருங்க. 24 லட்சத்துக்கு 9 சதவீதம்னா 2 லட்சத்து 16 ஆயிரம் மிச்சமாகும். ஆனா பேங்க் பத்திர விலையைப் பார்த்துதான் லோன் தரும், 72க்கு 57 லட்சத்து 60 ஆயிரம் வரைக்கும் வாய்ப்பு இருந்தா 48க்கு 38 லட்சத்து 40 ஆயிரம்தான், அந்த 19 லட்சத்தை எங்கேருந்து கொண்டு வருவீங்க? நாளைக்கு நீங்க இதை விக்கிறப்போ உங்க வாங்கின விலை 48னுதான் கணக்காகும், காணாமப் போன அந்த 24 லட்சமும் உங்க லாபமா மாறி நிக்கும், இப்போ இருக்குற 12.5 சதவீதத்துல அதுக்கு 3 லட்சம் வரி. இன்னிக்கு ரெண்டு மிச்சம் பண்ணி நாளைக்கு மூணு கட்டுறதுக்கு எதுக்கு இந்த வேலை?

சட்டத்தைச் சொல்லணும்னா, வீடு நிலம் விக்கிறவர் 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கவே கூடாது, வாங்கினா அதே அளவு தொகையை அபராதமா போட முடியும், அதை அந்த ஓனர்கிட்ட நிதானமா சொல்லுங்க. 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கம் குடுத்ததா பத்திரத்துல தெரிஞ்சா பதிவு அதிகாரி வருமான வரித்துறைக்குத் தகவல் குடுக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2025 ஏப்ரல்ல சொல்லியிருக்கு. ரொக்கமா குடுத்த 24 லட்சத்துக்கு உங்ககிட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காதுங்குறதை மறந்துடாதீங்க. டீல் கடைசி நேரத்துல உடைஞ்சா எதைக் காட்டிக் கேப்பீங்க? முழு வெள்ளையா வாங்க ஒத்துக்கலைன்னா வேற வீடு பாருங்க.

கேள்வி: முடிச்சூர் பக்கம் ஒரு தனி வீடு, சுத்து வட்டாரத்தைவிட 10 லட்சம் கம்மியா சொல்றாங்க. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் அடையாத்தை அகலப்படுத்திட்டாங்க, செம்பரம்பாக்கத்துலயும் இப்பல்லாம் பார்த்துதான் திறக்குறாங்க, இனிமே தண்ணி வராதுங்குறார் ஓனர். நம்பலாமா?
(குரோம்பேட்டை வாசகர்)

செம்பரம்பாக்கம் பேச்சை அங்க யாராவது எடுத்தா கொஞ்சம் உஷாரா இருங்க. அந்த ஏரியோட உபரித் தண்ணி அடையாத்துல வந்து சேர்றது திருநீர்மலை பக்கத்துல, முடிச்சூரும் வரதராஜபுரமும் அதுக்கு மேல் பக்கம், அதாவது ஆறு வர்ற பக்கம் இருக்கு. 2015 டிசம்பர்ல அந்த ஊர்ங்க முங்கினதுக்குக் காரணம் ஆதனூர், மண்ணிவாக்கம்னு அந்தப் பக்கத்து ஏரிங்கள்லேருந்து அடையாத்துல இறங்கின தண்ணி. செம்பரம்பாக்கம் ஷட்டரை ஒரு அடிகூடத் தூக்கலைன்னாலும் அந்தத் தண்ணி வரும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்பவும் முடிச்சூர்ல தண்ணி நின்னுது. வேலை நிறைய நடந்திருக்கு, அதை இல்லைன்னு சொல்லலை, ஆனா முடிச்சூர்னா ஒரே மட்டம் கிடையாது, ஒரு தெரு தப்பிக்கும், பக்கத்துத் தெருவுல இடுப்பளவு நிக்கும். அதனால ஊரைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, அந்தத் தெருவைப் பாருங்க.

எப்படின்னா, ஓனர் இல்லாம, புரோக்கர் இல்லாம தனியா போங்க. தெரு முனை மளிகைக் கடையில, இஸ்திரி போடுறவர்கிட்ட, எதிர் வீட்டுப் பெரியம்மாகிட்ட பேசுங்க, எந்தெந்த வருஷம் தண்ணி வந்துச்சு, எது வரைக்கும் ஏறுச்சு, எத்தனை நாள் கரன்ட் இல்லைன்னு அவங்க மறக்க மாட்டாங்க. அக்கம்பக்கத்துல ஈ.பி. மீட்டரை எவ்வளவு உசரத்துல மாட்டியிருக்காங்கன்னு பாருங்க, எல்லா வீட்டுலயும் தலைக்கு மேல ஏத்தி வச்சிருந்தா காரணம் உங்களுக்கே புரியும். வாசப்படி ரோட்டுக்கு மேல இருக்கா, இல்லை ரோடு போட்டுப் போட்டு வீடு பள்ளத்துக்குப் போயிடுச்சான்னு பாருங்க. முடிஞ்சா ஐப்பசி கார்த்திகையில ஒரு நாள் நல்லா மழை கொட்டினதுக்கு மறுநாள் காலையில போங்க, ஏப்ரல் மாசத்துல பார்த்தா எல்லா மனையும் மேட்டு மனைதான்.

அப்புறம் காகிதம். சர்வே நம்பரை வாங்கிட்டு வருவாய்த்துறை வெப்சைட்ல பட்டா, அ-பதிவேடு ரெண்டையும் எடுங்க. அ-பதிவேட்டுல அந்த நிலம் நஞ்சையா, புஞ்சையா, நத்தமா, புறம்போக்கான்னு இருக்கும். ஏரி, ஓடை, வாய்க்கால், குளம்னு ஒரு வார்த்தை இருந்தாலும், வீடு எவ்வளவு அழகா இருந்தாலும், அட்வான்ஸ் குடுக்காதீங்க, நீர்நிலைப் புறம்போக்குல இருக்குற வீட்டை எத்தனை பத்திரமும் காப்பாத்தாது. கிராம வரைபடத்துல பக்கத்து சர்வே நம்பர்ல வாய்க்கால் போகுதான்னும் பாருங்க, இன்னிக்கு அது மேல ரோடு இருக்கலாம், மழைக்கு அது தெரியாது.

இத்தனையும் பார்த்து தெரு நல்லா இருந்தா 10 லட்சம் கம்மிங்குறது உங்க அதிர்ஷ்டம், வாங்குங்க. தண்ணி வர்ற தெருன்னா வேண்டாம், உங்களுக்குக் கம்மியா கிடைச்ச அதே காரணத்துக்காக நீங்க விக்கிறப்பவும் கம்மியாத்தான் போகும்.

கேள்வி: அப்பா 1985ல பல்லாவரத்துல சொந்தச் சம்பாத்தியத்துல வாங்கின வீடு. அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்லை, உயில் எழுதலை. நானும் தம்பியும் விக்கலாம்னு இருக்கோம், தம்பி சிங்கப்பூர்ல. அக்காவுக்குக் கல்யாணத்தப்பவே நகை சீரெல்லாம் செஞ்சாச்சு, அவங்க கையெழுத்தும் வேணுமா?
(பல்லாவரம் வாசகர்)

வேணும். நீங்க இந்துக் குடும்பம்னு எடுத்துக்கிட்டுச் சொல்றேன், உயில் இல்லாத அப்பாவோட சொத்துல அக்காவுக்கும் உங்களுக்கும் தம்பிக்கும் ஆளுக்கு மூணுல ஒரு பங்கு. கல்யாணத்துல எத்தனை பவுன் போட்டிருந்தாலும் அது இந்தப் பங்கைக் குறைக்காது. அவங்களா விரும்பி விட்டுக்குடுத்தா விடுதலைப் பத்திரம் எழுதிப் பதியணும், வாய் வார்த்தை போதாது. ஆனா முதல்ல அவங்க வீட்டுக்குப் போய் உக்காந்து பேசுங்க, வாரிசுச் சான்றிதழ்ல அவங்க பேரு இருக்கும், அதைப் பார்க்காம எந்த பேங்க்கும் வாங்குறவருக்கு லோன் தராது. கையெழுத்து தேவைப்பட்ட அன்னிக்கு மட்டும் ஃபோன் பண்ணா எந்த அக்காவுக்கும் மனசு வலிக்கும்.

வரி விஷயத்துல உங்க மூணு பேருக்கும் ஒரே கணக்கு வராது. 2001 ஏப்ரல் 1க்கு முன்னாடி வாங்கின சொத்துக்கு அன்னிக்கு இருந்த மதிப்பை வாங்கின விலையா எடுத்துக்கலாம், ஆனா அந்தத் தேதியில இருந்த கைடுலைன் மதிப்பைத் தாண்டக் கூடாது. உள்ளூர்ல இருக்குறவங்களுக்கு ரெண்டு வழி, பணவீக்கக் குறியீடு இல்லாம 12.5 சதவீதம், இல்லைன்னா குறியீட்டோட 20 சதவீதம், எது கம்மியோ அது. 2025-26க்கு குறியீடு 376, அதாவது 2001 மதிப்பை 3.76 ஆல பெருக்கி வாங்கின விலையா எடுத்துக்கலாம். 2001ல 15 லட்சம் மதிப்பு, இப்போ விலை 90 லட்சம்னா முதல் வழியில வரி சுமார் 9 லட்சத்து 38 ஆயிரம், ரெண்டாவதுல 6 லட்சத்து 72 ஆயிரம். அதே 2001 மதிப்பு 8 லட்சம்தான்னா முதல் வழிதான் லாபம், அதனால பழைய மதிப்பை ஒரு நல்ல மதிப்பீட்டாளரை வச்சு எழுதி வாங்குங்க. தம்பி என்.ஆர்.ஐ.ன்னா அவர் பங்குக்கு அந்த ரெண்டாவது வழி கிடையாது. அவர் பங்குக்கு டி.டி.எஸ்.ஸும் 1 சதவீதம் இல்லை, அதிகமா பிடிப்பாங்க, முழுத் தொகைக்கும் பிடிச்சிடாம இருக்க வருமான வரித்துறையில குறைஞ்ச பிடித்தச் சான்றிதழுக்கு இப்பவே விண்ணப்பிக்கச் சொல்லுங்க. அவர் நேர்ல வர முடியாம உங்களுக்கு அதிகாரப் பத்திரம் (பவர்) குடுத்தா, அந்தப் பவர் இந்தியா வந்த மூணு மாசத்துக்குள்ள இங்க முத்திரைத் தீர்வை கட்டணும், கிரயத்தப்போ அவர் உயிரோட இருக்கார்ங்குற சான்றும் கேப்பாங்க.

கேள்வி: புரோக்கர் கமிஷன் எவ்வளவு குடுக்கணும் சார்?
(வண்டலூர் வாசகர்)

நம்ம பக்கத்துல 1 சதவீதத்துலேருந்து 2 வரைக்கும் கேப்பாங்க. வீட்டைப் பார்க்கப் போறதுக்கு முன்னாடியே பேசிடுங்க, பதிவு முடிஞ்ச அன்னிக்குக் குடுங்க, அட்வான்ஸ் போட்ட அன்னிக்கே பாதி கேட்டா குடுக்காதீங்க.

கேள்வி: படப்பை பக்கம் ஒரு மனை, பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குன்னு சொல்றாங்க. 2009லயே ஒருத்தர் வாங்கினது. வாங்கி வீடு கட்டலாமா?
(பெருங்களத்தூர் வாசகி)

மனைப்பிரிவுக்கு அனுமதி தர்ற அதிகாரம் சி.எம்.டி.ஏ., டி.டி.சி.பி.ங்குற அரசு திட்ட அமைப்புங்ககிட்டதான், பஞ்சாயத்துத் தலைவர் சீல் வச்ச வரைபடத்தை அப்ரூவல்னு சொல்றதே தப்பு. 2016 செப்டம்பர்ல ஹைகோர்ட் அங்கீகாரமில்லாத மனைங்களைப் பதியத் தடை போட்டுச்சு, அதுக்கப்புறம் 2017ல அந்த மாதிரி மனைங்களைக் கட்டணம் வாங்கிட்டு முறைப்படுத்துற வரன்முறைத் திட்டம் வந்துச்சு, 20.10.2016க்கு முன்னாடி பத்திரமான மனைங்களுக்கு அதுல வழி இருந்துச்சு. உங்க மனை 2009லயே வித்ததுன்னா அது வரன்முறை ஆயிருக்க வாய்ப்பு உண்டு. விக்கிறவர்கிட்ட மனைப்பிரிவுக்கான உத்தரவு, அந்த மனை நம்பருக்கான தனி உத்தரவு, கட்டணம் கட்டின ரசீது மூணையும் கேளுங்க. இருந்தா வாங்கலாம். நீங்க அட்வான்ஸ் குடுங்க, நான் ஆறு மாசத்துல வரன்முறை வாங்கித் தர்றேன்னு சொன்னா, வாங்கிட்டு வாங்க, அப்புறம் அட்வான்ஸ் தர்றோம்னு சொல்லிடுங்க. அட்வான்ஸ் குடுக்குறப்பவும் வெள்ளைப் பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டு வந்துடாதீங்க, 2012 டிசம்பர்லேருந்து நம்ம மாநிலத்துல கிரய ஒப்பந்தத்தைப் பதியறது கட்டாயம்.