தோப்பில் கேட்கும் ‘டுக் டுக்’ மரங்கொத்திதானா?

கேள்வி: பூதப்பாண்டி அருகே எங்களுக்குச் சின்னதாக ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் மத்தியானம் வரை ‘டுக் டுக் டுக்’ என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மரங்கொத்தி என்கிறார்கள். பல நாள் தேடியும் கண்ணில் படவில்லை. தெரிந்தவர் மூலம் வந்த ஒரு கைடு, மூவாயிரம் ரூபாய் கொடுத்தால் காளிகேசம் பக்கம் காட்டுக்குள் கூட்டிப்போய்க் கண்டிப்பாகக் காட்டுகிறேன் என்கிறார். போகலாமா? பைனாகுலர் எது வாங்குவது?

பதில்: முதலில் அந்த மூவாயிரத்தை எடுத்துப் பத்திரமாக வையுங்கள். நீங்கள் கேட்பது பெரும்பாலும் மரங்கொத்தியே இல்லை. செம்மார்புக் குக்குறுவான். குருவியைவிடச் சற்றே பெரிய பச்சைப் பறவை. நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள். வாயைத் திறக்காமல் தொண்டையை உப்பி உப்பிக் கூப்பிடும். கூப்பிடும்போதே தலையை அங்கும் இங்கும் திருப்புவதால் சத்தம் ஒரு தடவை கிழக்கே கேட்டால் அடுத்த தடவை மேற்கே கேட்கும். நீங்கள் தேடிச் சலித்துப்போனது இதனால்தான். மரங்கொத்தி என்று நினைத்துத் தென்னைத் தடிகளையே பார்த்திருப்பீர்கள். அதுவோ பக்கத்து ஆலிலோ அரசிலோ, உச்சியில் இலையில்லாத ஒரு கொம்பில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.

மரங்கொத்தியின் தட்டு வேறு மாதிரி. இரை தேடும்போது ஒழுங்கில்லாமல் தட்டும்: இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தம், அப்புறம் நாலு தட்டு. முழக்கம் என்பது தனி. காய்ந்து உள்ளே பொள்ளலான கொம்பாகப் பார்த்து ‘டர்ர்ர்’ என்று அடிக்கும். தட்டுகள் தனித்தனியாகக் காதில் விழாது, ஓரிரு நொடியில் முடிந்தும்விடும். அது இரைக்காக அடிப்பதில்லை. இது என் எல்லை என்று மற்ற மரங்கொத்திகளுக்குத் தெரிவிக்கிற சத்தம். ஆணும் அடிக்கும், பெண்ணும் அடிக்கும். ஒரே சுருதியில், ஒரே இடைவெளியில் அரை மணி நேரம் போகிற எதையும் மரங்கொத்திக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இங்கே ஒரு விஷயத்தில் நிறையப் பேர் இடறுகிறார்கள். குக்குறுவானும் மரத்தைக் கொத்தும். நான் கண்ணால் பார்த்தேன், பொந்து குடைந்துகொண்டிருந்தது, அப்படியானால் மரங்கொத்திதானே என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. குக்குறுவான்களும் கூட்டுக்குத் தாங்களே பொந்து குடைகிற இனம். ஆனால் அதற்கு உளுத்துப்போன, மெத்தென்ற மரம் வேண்டும். பட்ட முருங்கைக் கொம்பு கிடைத்தால் அதற்குச் சந்தோஷம். குடைந்த பொந்தைப் பெரும்பாலும் கொம்பின் அடிப்பக்கத்தில் பார்க்கலாம். அலகு தடித்துக் கட்டையாக, அடியில் மீசை போல மயிர்களோடு இருக்கும். மரங்கொத்தியின் அலகு நேராக, உளி போல இருக்கும். வால் இறகுகள் விறைப்பானவை, அவற்றை மரத்தில் ஊன்றிக்கொண்டுதான் நிற்கும். ஆக, கொத்துகிறதா என்பதைவிட எப்படி நிற்கிறது, என்ன நிறம் என்று பாருங்கள். உடம்பு பச்சையாக இருந்து பொந்தும் குடைந்தால் தோப்புப் பக்கம் அது பெரும்பாலும் குக்குறுவான்தான்; ஆனால் பச்சை நிற மரங்கொத்திகளும் உண்டு, அதனால் அலகையும் நிற்கிற விதத்தையும் சேர்த்தே பாருங்கள்.

சரி, நிஜமான மரங்கொத்தி உங்கள் தோப்பிலேயே இருக்கக்கூடும். பொன்முதுகு மரங்கொத்திக்குத் தென்னந்தோப்பு சொந்த வீடு. மைனாவைவிடப் பெரியது, முதுகு பொன் மஞ்சள், தலையில் சிவப்புக் கொண்டை. பெண்ணுக்கு நெற்றிப்பக்கம் கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும், சிவப்பு பின்னால்தான். இதைக் கண்டுபிடிக்கக் கொத்துச் சத்தத்துக்குக் காத்திருக்க வேண்டாம். பறக்கும்போது ‘கிர்ர்ர்ர்’ என்று உரக்கச் சிரிக்கிற மாதிரி ஒரு குரல் கொடுக்கும். அந்தக் குரல் வந்ததும் அண்ணாந்து பாருங்கள். ஏறி இறங்கி அலை அலையாகப் பறந்து வந்து ஒரு தடியில் செங்குத்தாக ஒட்டிக்கொள்ளும். ஆளைப் பார்த்ததும் தடியின் மறுபக்கம் நழுவிவிடும். துரத்திக்கொண்டு சுற்றாமல் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். தத்தித் தத்தி மேலே ஏறுகிற பறவை கொஞ்ச நேரத்தில் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். காலை ஆறரையிலிருந்து எட்டு வரை நல்ல நேரம். தோப்பில் மண்டை போன தென்னை ஒன்று நின்றால் வெட்டாமல் விடுங்கள். அதில்தான் பொந்து வைக்கும். பிறகு அதே பொந்துக்குக் கிளியும் மைனாவும் வரும்.

இப்போது உங்கள் கைடு. கண்டிப்பாகக் காட்டுகிறேன் என்று பறவை விஷயத்தில் ஒருவர் வாக்குக் கொடுத்தால் இரண்டில் ஒன்று நிச்சயம்: அவருக்குக் கூடு எங்கே என்று தெரியும், அல்லது பையில் ஸ்பீக்கர் இருக்கிறது. பதிவு செய்த குரலைப் போட்டால், எதிரி வந்துவிட்டான் என்று பறவை பதறிக்கொண்டு வந்து முன்னால் உட்காரும். நீங்கள் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவீர்கள். அது குஞ்சுக்கு இரை தேடவேண்டிய நேரத்தை இல்லாத எதிரியோடு சண்டை போட்டே கழிக்கும். அடுத்த நாள் இன்னொரு கார் வரும். கூட்டைத் தொந்தரவு செய்வதே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குச் சமம். அங்கே கிளையை ஒதுக்கிப் படம் எடுக்க வசதி செய்து தருகிற ஆட்களும் இருக்கிறார்கள்! காவலர் வந்தால் கைடுக்குக் குறுக்குவழி தெரியும். அனுமதி எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்ல நீங்கள்தான் நிற்பீர்கள்.

காளிகேசம் பக்கத்துக் காடு கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தது. அது 2008இல் அறிவிக்கப்பட்டது. சுமார் 402 சதுர கிலோமீட்டர். உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும். அதை நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்தில் நேரில் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். அலைச்சல் இருக்கும், மறைக்கவில்லை. ஒரு மேசையில் கேட்டால் இன்னொரு மேசையைக் கைகாட்டுவார்கள். சுற்றுலாக்காரர் காளிகேசம் ஆற்றில் குளிக்கப் போகிற நேரத்தை மனதில் வைத்தே எல்லாம் நடக்கிறது. விடியற்காலையில் பறவை பார்க்க ஒருவன் வருவான் என்ற நினைப்பே யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. ஒழுங்காக மனு போடுகிறவனை அலையவிட்டால் அவன் கைடிடம்தான் போவான். இது தெரியாமலா இருக்கிறது?

அனுமதி கிடைத்துப் போனால் மலைக்காட்டின் மரங்கொத்திகளே வேறு. காக்கை அளவில் கறுப்பு உடம்பும் வெள்ளை வயிறுமாக ஒன்று உண்டு. செம்பழுப்பு மரங்கொத்தி என்று இன்னொன்று, மரத்தில் தொங்குகிற எறும்புக் கூட்டையே குடைந்து அதற்குள் முட்டையிடும். அதன் முழக்கம் வேகமாக ஆரம்பித்துப் போகப்போகத் தளர்ந்து நிற்கும், பெட்ரோல் தீர்ந்த பைக் மாதிரி. ஒரு தடவை கேட்டால் மறக்காது. அதுவரை கீரிப்பாறைச் சாலையோரம், காட்டுக்கு வெளியே நின்று காது கொடுத்தாலே நிறையக் கேட்கும். நீர்ப்பறவை ஆசை இருந்தால் தேரூர்க் குளம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்தது, சாலையிலிருந்தே பார்க்கலாம்.

மெர்லின் என்ற இலவசச் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அதைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், கண்ணால் பார்க்காமல் குறித்துவைக்காதீர்கள்.

பைனாகுலர் விஷயத்தில் கடற்கரைக் கடைகளில் ‘நூறு மடங்கு’ என்று நீட்டுவதைத் தொடவே தொடாதீர்கள். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் அத்தனை மடங்கு கூடும், பறவை கண்ணாடிக்குள் நிற்காது. 8x42 என்று எழுதியிருப்பதைக் கேளுங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும்; முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம், அதனால் விடியற்கால மங்கலிலும் தெளிவாகத் தெரியும். வாங்குமுன் கடைக்கு வெளியே வந்து தூரத்து மின்கம்பியைப் பாருங்கள். ஒரு கம்பி இரண்டாகத் தெரிந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.