கனடாக் குளிரில், கராஜில் இருக்கும் பானை வனையும் சக்கரம், சூளை, மண் பிசையும் இயந்திரம் எல்லாவற்றையும் பழுதாகாமல் வைத்திருப்பது எப்படி?

என்னைப் போல நீங்களும் சூடேற்றாத கராஜில்தான் வனைகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் நவம்பர் முடிவதற்குள் மண் பிசையும் இயந்திரத்தின் வயிற்றை, அதாவது மண் நிற்கும் உருளையை, காலி செய்துவிடுங்கள். அந்த ஒன்றைச் செய்யாததால் இயந்திரத்தையே இழந்தேன்.

டொராண்டோவின் ஸ்காபரோவில் எனக்கு அது மூன்றாவது குளிர்காலம். இரண்டு வருடம் சேமித்து வாங்கிய இயந்திரம். டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று, உருளை நிறைய மண் இருக்கும்போதே அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினேன். அடுத்த நான்கு இரவும் -20 பாகை. நீர் உறைந்தால் பருமன் சுமார் 9 சதவீதம் கூடும். ஈர மண்ணில் இருப்பதும் நீர்தானே. செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தால் அலுமினிய உருளையில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. கராஜ் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

"குளிரில் எதற்கு இந்த வேலை, ஏப்ரலில் தொடங்கலாமே" என்பவர்கள் இருக்கிறார்கள். கார்த்திகை விளக்கீட்டுக்குச் சிட்டி என்கிற சின்ன மண் விளக்கும் தைப்பொங்கலுக்குப் பானையும் ஏப்ரலில் யார் கேட்பார்கள்? ஜனவரி தமிழ் மரபுத் திங்கள் என்று ஒரு சங்கம் என்னிடம் 200 சிட்டி வாங்கியது. மேடைக்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் பணம் போனது. எனக்கு மட்டும் "பண்பாட்டுக்காகத்தானே அக்கா" என்றார்கள். இன்றுவரை ஒரு சதமும் வரவில்லை. மண்ணும் மின்சாரமும் எனக்கு இலவசமாகவா வருகின்றன?

சூளைக்கு வருகிறேன். காய்ந்த செங்கல்லைக் குளிர் ஒன்றும் செய்யாது, ஈரம்தான் கெடுக்கும். பல வாரம் சும்மா கிடந்த மின்சூளையை மூடியைச் சற்றுத் திறந்து வைத்து, 100 பாகைக்குக் கீழே சில மணி நேரம் ஓடவிட்டு, அதன் பிறகு சுடுங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி உறைநிலையில் இருக்கும்போது விசையைப் போடாதீர்கள். முதலில் இடத்தைச் சூடாக்கி, பெட்டியில் வியர்த்த நீர் காயும்வரை பொறுங்கள். சக்கரத்தின் பட்டை குளிரில் விறைத்திருக்கும். மண் வைக்காமல் பத்து நிமிடம் மெதுவாகச் சுற்றவிட்டால் இளகிவிடும்.

பையில் உறைந்த மண்ணை எறியாதீர்கள். நீர் பிரிந்து அடுக்கடுக்காக நிற்கும், அவ்வளவுதான். முழுவதும் இளகியபின் நன்றாகப் பிசைந்தால் பழைய மண்ணே. பானைக்கு மினுக்கம் தரப் பூசும் கிளேஸ் கரைசல் வாளிகளை மட்டும் வீட்டுக்குள் வையுங்கள். உறைந்தாலும் தங்கள் கிளேஸுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சிலர் சொல்வது உண்மையாக இருக்கலாம். என்னுடையது கட்டிதட்டி, அங்குலத்துக்கு 80 கண் உள்ள சல்லடையில் இருமுறை வடித்தும் பழையபடி பூச வரவில்லை. மண்ணின் ஈரத்தை உறிஞ்ச வைத்திருக்கும் பிளாஸ்டர் பலகைகளும் ஈரத்தோடு உறைந்தால் பொரிந்துபோகும்.

அன்று வனைந்த பச்சைப் பானையை இரவில் அங்கே விடவே விடாதீர்கள். காலையில் அதன்மேல் பனி இறகு இறகாகக் கோலமிட்டிருக்கும், இளகும்போது வெடிக்கும். பலகையோடு தூக்கி உள்ளே கொண்டுபோங்கள். சமையலறை மேசையில் இடமில்லை என்றால் குளியலறைத் தரை போதும்.