பழைய அகலா, புதுச் சூளையா? கேள்வி பதில்

பானை வனையும் திருகை சுற்றிய குயவர் குடும்பத்தில் பிறந்தவன் நான். பிறகு அகழாய்வுக் குழிகளின் ஓரத்தில் உட்கார்ந்து பானை ஓடு பிரிப்பதிலேயே பல ஆண்டுகள் போயின. சுடுமண் விளக்குகளைப் பற்றிக் காவிரிப் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மயிலாடுதுறையிலிருந்து ஒருவர்: வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது ஆறடி ஆழத்தில் ஓர் அகல் கிடைத்தது. படம் அனுப்பியிருக்கிறேன். சோழர் காலத்ததா ஐயா?

படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது ஐயா. உள்ளங்கையில் அடங்கும் கிண்ணம், ஒரு பக்கம் விரலால் கிள்ளி இழுத்த மூக்கு. இந்த வடிவம் பல நூற்றாண்டுகளாக மாறவே இல்லை. கார்த்திகைக்கு நீங்கள் வாங்கும் அகலும் இதே அச்சில்தான் இருக்கும். மண்ணும் உதவாது. காவிரி வண்டல் பழையதுதான், ஆனால் போன மாதம் குயவர் பிசைந்ததும் அதே வண்டல். ஆழத்தையும் நம்பிவிடாதீர்கள். வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மண்ணுக்கு அடியில் அண்மைக் காலப் பொருளும் கிடக்கும், தூர்ந்த கிணற்றில் விழுந்ததும் கிடக்கும்.

அகலுக்கு வயது சொல்வது அதோடு கிடந்த பொருள்கள். சுற்றிலும் கருப்பு சிவப்புப் பானை ஓடுகளும் உறைகிணற்று வளையமும் இருந்தால் சங்க காலம் வரைகூடப் போகலாம். அதே அடுக்கில் நீலப் பூப்போட்ட பீங்கான் துண்டு ஒன்று தலைகாட்டினால் சங்க காலம் என்ற பேச்சே எழாது. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன்: அகலைக் கழுவாதீர்கள். அந்த இடத்தில் தோண்டுவதை நிறுத்துங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள், தரையிலிருந்து எத்தனை அடி என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒட்டியிருக்கும் மண்ணோடு ஒரு காகிதப் பையில் போடுங்கள். மண்ணுக்குள் கிடைத்த மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. தாசில்தார் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்திலிருந்து ஒருவர்: பூம்புகார்க் கடலில் கிடைத்த ரோமானிய விளக்கு என்று சொல்லி ஒருவர் விற்றார். மேலே உருவம் பொறித்து, மூடிய வடிவில் இருக்கிறது. பக்கவாட்டில் ஒட்டுக்கோடு தெரிகிறது. போலிதானே?

ஒட்டுக்கோட்டை வைத்துத் தள்ளிவிட வேண்டாம். ரோமானியர்களும் மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு அச்சுகளில் மண்ணை அழுத்தி எடுத்துத்தான் ஒட்டினார்கள். எண்ணெய் ஊற்றும் துளை வழியாக டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். அச்சில் அழுத்திய விரல்களின் பள்ளங்கள் உள்சுவரில் மேடும் குழியுமாகத் தெரிய வேண்டும். உள்சுவர் வழவழவென்று, வெளியே உள்ள மேடுபள்ளத்தை அப்படியே பின்பற்றி, ஒரே கனத்தில் இருந்தால் அது மண்கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி எடுத்தது. வெளிப்பரப்பில் கடுகை விடச் சிறிய உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா? பிளாஸ்டரில் இருந்த காற்றுக் குமிழ்களில் மண் புகுந்தால் அப்படித்தான் வரும். ரோமானியர்களும் பிளாஸ்டர் அச்சு பயன்படுத்தியதுண்டு, அதனால் உருண்டைகளை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்னொன்று, மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். அசல் விளக்கின் மேல் அச்செடுத்துச் செய்த நகல் அசலை விடச் சிறுத்து, உருவத்தின் மூக்கும் முழியும் மழுங்கிப் போயிருக்கும். புதுச்சேரிக்குப் பக்கத்தில், பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் ரோமானிய விளக்கு கிடைத்தது, அதுவும் உடைந்த துண்டாக. இந்தக் கடற்கரையில் கீறல்கூட இல்லாத முழு விளக்கு, அதுவும் விலைக்கு வருகிறது என்றால் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது.

திருவாரூர்: தண்ணீரில் போட்டால் மண்வாசனை வருவது பழையது என்கிறார்களே?

இல்லை. குறைந்த சூட்டில் வெந்த எந்த மண்ணும் நீரை உறிஞ்சும், வாசனை விடும். நேற்றுச் செய்ததும் விடும்.

நாகப்பட்டினம்: மேலே கரியும் மண்ணும் அப்பியிருப்பதைக் கொண்டு கண்டுபிடிக்கலாமா?

ஓரளவுக்கு. திரி எரிந்த கரி மூக்கில்தான் இருக்கும், மண்ணின் துளைகளுக்குள் இறங்கியிருக்கும். அடிப்பாகம் வரைக்கும் ஒரே சீராகக் கரி இருந்து, ஈரப் பஞ்சில் மொத்தமும் வந்துவிட்டால் அது பூசியது. அப்பிய மண்ணை நகச்சாயம் நீக்கும் அசிட்டோனில் தொட்டுப் பாருங்கள். பசை கலந்திருந்தால் பிசுபிசுவென்று இளகும். கடைக்காரர் நீட்டும் பொருளுக்குத்தான் இந்தச் சோதனைகள். நிலத்தில் கிடைத்ததைத் தொடாதீர்கள், அதில் ஒட்டியிருக்கும் மண்ணே சாட்சி.

தஞ்சாவூர்: ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் உறுதியாகத் தெரிந்துவிடுமா?

வெப்ப ஒளிர்வுச் சோதனை என்று ஒன்று உண்டு. மண்ணில் உள்ள படிகத் துகள்கள் சுற்றுப்புறக் கதிர்வீச்சைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைக்கும். சூளையில் வெந்தவுடன் அந்தக் கணக்கு பூஜ்யமாகிவிடும், பிறகு மீண்டும் சேரத் தொடங்கும். துளையிட்டு எடுத்த சிறிது தூளைச் சூடாக்கினால் வரும் ஒளியைக் கொண்டு, கடைசியாக எப்போது சுடப்பட்டது என்று கணக்கிடுவார்கள். துல்லியமான ஆண்டு வராது. பழைய பானை ஓடுகளைப் பொடித்துப் பசையில் குழைத்து வார்த்த போலியும் இந்தச் சோதனையை ஏமாற்றக்கூடும்.

மன்னார்குடி: உண்மையாகவே பழையது என்றால் வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அனுப்பலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுகளைத் தாண்டிய தொல்பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது.

திருவையாற்றிலிருந்து ஓர் அம்மா: என் பாட்டி ஏற்றிய அகல் இது. அடியில் சிப்பி மேல் இருப்பது போல வளைவு வளைவாக வரிகள். இதற்கு ஏதாவது மதிப்பு உண்டா?

அந்த வரிகளைப் பார்த்ததும் எனக்கு அப்பா நினைவு வந்துவிட்டது அம்மா. திருகையின் மேல் பெரிய மண் உருண்டையை வைத்து, அதன் உச்சியில் அகலை வனைந்து, சக்கரம் சுற்றும்போதே நூலால் அறுத்து எடுப்பார். நூல் இழுபட்ட தடம்தான் அந்தச் சிப்பி வரி. எந்திரத்தில் அழுத்திய அகலுக்கு அது இருக்காது. கையால் செய்தது என்று அந்த வரி உறுதி சொல்கிறது, வயதைச் சொல்லாது. ஊறிப்போன எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். மூக்கில் மயிரிழை விரிசல் ஒன்று தெரிகிறது, அதனால் இந்தக் கார்த்திகைக்கு ஏற்றுவதானால் ஒரு தட்டின் மேல் வைத்து ஏற்றுங்கள்.