தோட்டத்துக்குக் குடிவந்ததிலிருந்து மகளுக்குத் தினமும் வயிற்றுவலி

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. பிறந்ததிலிருந்து நகரத்தில், அடுக்குமாடி வீட்டிலேயே வளர்ந்தவள். இரண்டு மாதத்துக்கு முன்பு என் கணவரின் பெற்றோரோடு சேர்ந்து விவசாயம் பார்க்க அவர்களுடைய தோட்டத்துக்கே வந்துவிட்டோம். அன்றிலிருந்து அவள் கால் முழுவதும் பூச்சிக்கடித் தடிப்பு. காலையில் வயிறு வலிக்கிறது என்று அழுகிறாள். மாட்டைக் கண்டால் என் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். 'பொத்திப் பொத்தி வளர்த்தால் இப்படித்தான்' என்கிறார் மாமியார். இவளுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைவா? டானிக் கொடுக்கலாமா? மண்ணில் விளையாட விடவே பயமாக இருக்கிறது.

மருத்துவர் பதில்: டானிக் வேண்டாம். எதிர்ப்புச் சக்தி குறைவு என்று நினைக்க நீங்கள் எழுதியதில் எதுவுமே இல்லை. தடிப்பைப் பொறுத்தவரை நடப்பது நேர் எதிர். பூச்சி கடிக்கும்போது உள்ளே விடும் எச்சில் அவள் உடம்புக்குப் புதிது. அதனால் உடம்பு அளவுக்கு மிஞ்சிச் சண்டை போடுகிறது. பழகப் பழக இது தணியும். சில பிள்ளைகளுக்குச் சில மாதம், சிலருக்கு ஒன்றிரண்டு வருடம்கூட ஆகும்.

நான் பயப்படுவது கடிக்கு அல்ல, சொறிவதற்கு. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். அரிக்கும் இடத்தில் ஈரத்துணியை ஐந்து நிமிடம் வைத்துவிட்டுக் காலமைன் தடவுங்கள். அரிப்பில் தூக்கம் கெட்டால் செடிரிசின் சிரப் உதவும். எடைக்கு ஏற்ற அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். மாலையில் முழுக்கால் உடை போதும், சாக்ஸும் இருந்தால் நல்லது. தடிப்பு சூடாகிச் சீழ் கோத்தாலோ, சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ காட்டிவிடுங்கள். குளவியோ தேனீயோ கொட்டிய பிறகு உதடு வீங்குவது, மூச்சு இரைப்பது, வாந்தி, உடம்பெல்லாம் தடிப்பு என்று எது வந்தாலும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

அந்த வயிற்றுவலிக்கு வருகிறேன். நீங்கள் அதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அவளிடம் தனியாக, திட்டாமல் கேளுங்கள்: மலம் கழித்துக் கடைசியாக எத்தனை நாள் ஆயிற்று? வீடு மாறி வந்த பிள்ளைகளில் நான் அடிக்கடி பார்ப்பது இது. கழிவறை வீட்டுக்கு வெளியே இருக்கும், சுவரில் பல்லி இருக்கும், விளக்கு மங்கலாக இருக்கும். பிள்ளை யாரிடமும் சொல்லாமல் அடக்கிக்கொள்ளும். இப்படி ஒரு பையனை 'தினமும் வயிற்றுப்போக்கு' என்று என்னிடம் அழைத்து வந்தார்கள். இடது அடிவயிற்றில் கை வைத்தேன்; கூழாங்கற்களைத் துணியில் முடிந்து வைத்ததுபோல் தட்டுப்பட்டது. இறுகிய மலத்தைச் சுற்றிக்கொண்டு கொஞ்சமாகக் கசிந்ததைத்தான் வயிற்றுப்போக்கு என்று எண்ணியிருந்தார்கள். பாவம், உள்ளாடையில் பட்டதற்கு அடியும் வாங்கியிருந்தான்.

கழிவறைக்கு நல்ல விளக்குப் போடுங்கள். காலைச் சாப்பாடு முடிந்து பத்து, இருபது நிமிடத்தில் குடல் தானாகவே அசையும். அந்த நேரத்தில் அவளை உட்கார வைத்து, கதவுக்கு வெளியே நீங்கள் நின்று பேசிக்கொண்டிருங்கள். தண்ணீர், காய்கறி, பழம் கூடட்டும். ஏற்கெனவே இறுகியிருந்தால் இவை மட்டும் போதாது. மலமிளக்கி சில வாரம் தேவைப்படும், அதை மருத்துவர் பார்த்துக் கொடுக்கட்டும். வலி அவளைத் தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ, வலது பக்கம் கீழே நிலைத்தாலோ, மலத்தில் ரத்தம், எடைக் குறைவு, தொடர் வாந்தி இருந்தாலோ இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. உடனே காட்டுங்கள்.

மாட்டுக்குப் பயப்படுவது நோயே இல்லை. தன்னைவிடப் பத்து மடங்குக்கு மேல் எடையுள்ள ஒரு உயிரைப் பார்த்து ஒதுங்குவது புத்திசாலித்தனம். கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தொட வைக்காதீர்கள். எல்லாரும் சிரித்தால் பயம் இன்னும் உறைந்துபோகும். பாட்டி தீனி போடுவதைத் தூரத்தில் நின்று பார்க்கட்டும். எப்போது ஒரு அடி கிட்டே போகலாம் என்பதை அவளே சொல்லட்டும். மாமியாரிடம் என் சார்பாகச் சொல்லுங்கள்: இந்தப் பிள்ளைக்கு அவரைவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார். 'பொத்திப் பொத்தி வளர்த்தால்' என்ற அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பிள்ளையின் காதில் விழும்படி சொல்லாமல் இருந்தால் போதும்.

மண்ணில் தாராளமாக விளையாடட்டும். அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்ற இரண்டு விவசாயச் சமூகங்களை ஒப்பிட்ட ஆய்வு 2016-ல் வெளியானது. வீட்டை ஒட்டியே மாட்டுக்கொட்டகை வைத்துப் பழைய முறையில் வேளாண்மை செய்யும் ஆமிஷ் பிள்ளைகளிடம் ஆஸ்துமா சுமார் 5 சதவீதம். இயந்திரமயமான பெரும் பண்ணைகளில் வாழும் ஹட்டரைட் பிள்ளைகளிடம் சுமார் 21 சதவீதம். இந்தப் பலன் பெரும்பாலும் கைக்குழந்தைப் பருவத்திலேயே கிடைப்பது, எனவே 7 வயதில் வந்தவளுக்கு அதை நான் உறுதி சொல்ல மாட்டேன். வைக்கோல் தூசியில் இளைப்பு வந்தால் மருந்து தேவை. ஆனால் மண் எதிரி இல்லை என்பதற்கு இது போதும். காலில் செருப்பு இருக்கட்டும், கொக்கிப்புழு என்ற குடற்புழு பெரும்பாலும் வெறுங்கால் வழியாகத்தான் ஏறும். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கைகழுவட்டும். பாலைக் காய்ச்சாமல் கொடுக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் பூச்சிக்கடியும் மண்ணும் இருக்கின்றன. கிணறு இல்லை, தண்ணீர்த் தொட்டி இல்லை, பூச்சிமருந்து இல்லை, டிராக்டர் இல்லை. தோட்டங்களில் பிள்ளைகளின் உயிரை எடுப்பவை இவைதான். தண்ணீரில் விழும் பிள்ளை பெரும்பாலும் சத்தம்கூடப் போடாது. மிஞ்சிய பூச்சிமருந்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றோடு நிற்கட்டும். டிராக்டரில் ஓட்டுகிறவரைத் தவிர யாருக்கும் இடமில்லை, மடியிலும் இல்லை.

நாய் கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். பாம்பு கடித்தால் கயிறு கட்டுவதும் கீறுவதும் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். எது கடித்தாலும், எங்கே விழுந்தாலும் சொன்னால் திட்டு விழாது என்று அவளுக்கு நீங்களே வாக்குக் கொடுங்கள். பொத்தி வளர்த்த பிள்ளைகள் பயத்தில் மறைப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. ஐந்து வயதில் போட வேண்டிய டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்று தடுப்பூசி அட்டையைப் பாருங்கள்.

இன்று மாலை அவளையும் மாமனாரையும் கூட்டிக்கொண்டு தோட்டத்தை ஒரு சுற்று நடந்து வாருங்கள். அவள் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். எந்தத் தொட்டி எட்டுகிறது, எந்தக் கதவு பூட்டவில்லை என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.